வாய்விலை

ரொக்கமென்றால் நாலாயிரத்து ஐந்நூறு ராண்ட்.
மாற்றிக்கொள்வதென்றால் ஏழாயிரம்.
ஒரே துப்பாக்கிதான், ஒரே மேசைதான்.
ஒன்பது மில்லிமீட்டர்,
பிடியின் இடப்பக்கம் ஒரு கீறல்.
குபேந்திரனின் கட்டைவிரல்
அந்தக் கீறலையே தடவிக்கொண்டிருந்தது,
விலையைக் குறைக்க அது ஒன்றே போதுமென்பதுபோல.

வெருலத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
வான் டோண்டர் கடையின் கம்பிக் கதவுக்குள்
நாங்கள் மூவர்.
வாங்குபவன் பெயரில் உரிமம் வரும்வரை
பொருள் இங்கே இரும்பறையில் கிடக்கும்,
எனக்குமில்லாமல் அவனுக்குமில்லாமல்.
வான் டோண்டர் வாய் திறக்கவில்லை.
யார் ஜெயித்தாலும் மாத வாடகை அவருக்கு.

"ஏழாயிரத்துக்கு ஜெனரேட்டர் தர்றேன் அண்ணே.
வாங்கறப்போ பதினோராயிரம்."
வெளியே அவன் பிக்கப் வண்டியில்
தார்ப்பாய்க்கடியில் குந்தியிருந்தது அது.
மின்வெட்டு நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது.
மூவாயிரத்துக்கு யாராவது எடுத்துப்போனால்
அவன் தேங்காய் உடைப்பான்.

மாற்று விலை வாயில் இருக்கும்வரைதான் விலை.
எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தால் பாதி காணாது.
நான் மட்டும் யோக்கியனா?
"பத்தாயிரம் பெறும் தம்பி, கையைவிட்டுப் போகுதேன்னுதான்" என்றேன்.
வீட்டைவிட்டு எப்படியாவது வெளியேற்ற நினைத்ததை
இருவரும் பொன் பொன் என்று
எதிரெதிரே உட்கார்ந்து புகழ்ந்தோம்.

"எதுக்கு விக்கிறீங்க?"

"கண்ணு சரியில்ல."

பொய்யுமில்லை.

இரவு இரண்டிலிருந்து நாலரைவரை எங்கள் தெருவுக்கு இருட்டு
என்று அட்டவணை போட்டிருந்த காலம்.
பக்கத்து வீட்டில் திருடன் புகுந்து நாலு நாள்.
கேட் முனகியது.
திரைச்சீலையை விலக்காமல் அதன் ஓரத்தில் நின்றேன்.
ஒரு நிழல், குனிந்து,
கையில் நீளமாக ஏதோ.
என் விரல் போகக்கூடாத தூரம் போய்
அங்கேயே நின்றது.
எதனால் என்று இன்றுவரை தெரியாது.

கையில் இருந்தது குதிகால் செருப்பு.
சத்தம் கேட்காமலிருக்கக் கழற்றிப் பிடித்தபடி
நடனத்துக்குப் போய்த் திரும்பிய நிவாஷ்னி.
"தூங்கலையாப்பா?"
"தண்ணி குடிக்க."
வலது கை முதுகுக்குப் பின்னால் வியர்த்தது.
அவள் பயந்தது நான் திட்டுவேனென்று.

சலாட்சியிடம் சொல்லவில்லை.

ரொக்கமாக வாங்கத்தான் வந்திருந்தேன்.
ஆனாலும் வெளியே போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.
மூன்றாவது இழுப்பில் இருமிக்கொண்டு எழுந்தது ஜெனரேட்டர்.
ஐயாயிரம்வரை ஏறத் தயாராக வந்தவன்
என் "சரி"யைக் கேட்டு முழித்தான்.
"மழை விட்டப்புறம் குடை வாங்கினீங்களா?"
சலாட்சி கேட்கப்போவது இப்போதே காதில் விழுந்தது.
பதில் வைத்திருக்கிறேன். சொல்லமாட்டேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட
அவன் கைபேசியை மேசைமேல் வைத்தான்.
திரையில் ஒரு பையன், பதினைந்து வயதிருக்கும்,
தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு
பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

இரவில் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவான்
என்று கேட்க நாக்கு எழவில்லை.
காருக்குப் போய் டார்ச்சை எடுத்து வந்தேன்.

"இது எதுக்குண்ணே?"
"சேர்த்துத்தான்."
"இதுக்கு எவ்வளவு போட்டுக்கறது?"
சிரித்தான். வான் டோண்டரும்
முதன்முதலாகத் தலை தூக்கினார்.
"பேட்டரி புதுசு. தலைமாட்டில் வை.
அதைவிடக் கைக்குக் கிட்ட."

உரிமம் வர நாலைந்து மாதமாகும்.
அதுவரை அவன் வீட்டில்
டார்ச் மட்டும்தான்.