பல்பகுதியம்

மஸ்கெலியாவில் ஐந்தாம் நாள் மழை.
தகரத்துக்கு மேல் கட்டிய நீலத் தறப்பாள்
ஏழாம் காம்பராவுக்கும் எட்டுக்கும் நடுவே
கிழிந்துவிட்டது. இறக்கி உள்ளே விரித்தோம்.

உயர்தரத்தில் படித்தது:
எதீனில் இரண்டு காபனும்
இரு கையாலும் ஒன்றையொன்று பற்றியிருக்கும்.
ஒரு கையை விட்டால்தான்
பக்கத்துக்கு நீளும்.
அப்படியே ஆயிரமாயிரம்.

ஞானமுத்து மெழுகுதிரியில்
ஹெக்சோ பிளேட்டைச் சூடாக்குகிறார்.
உரப்பையின் உட்தாளை
கிழிசல்மேல் வைத்து அழுத்துகிறேன்.
தொட்டதும் இளகி, இழுபட்டு
ஒட்டிக்கொள்கிறது,
என் விரலும் கொஞ்சம்.

எங்கள் இருவருக்கும் ஒரே சுவர்.
மார்கழியில், பீலித் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு
பேச்சில்லை.

"சூடு ஆறட்டும், விடாதே" என்றார்.
தறப்பாளைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.
இருபதுவரை எண்ணினேன்.
பிறகும் விடவில்லை.