நான்கு புள்ளி ஏழு

போரா வீசும் நாட்களில்
திரியெஸ்தே நகரத்துத் தெருமுனைகளில்
முன்பெல்லாம் கயிறு கட்டுவார்களாம்,
ஜனங்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
இன்று காலை கயிறு இல்லை.
பேருந்து நிறுத்தத்தில்
முன்பின் தெரியாத ஒருவர்
என் முழங்கையைப் பற்றினார்.
காற்று மூச்சு வாங்கியதும் விட்டுவிட்டார்.
மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை.

சுண்ணாம்புமேட்டில்,
ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில்,
நீவெஸ் ஜெர்யால் எனக்கு முன்பே வந்திருந்தாள்.
திரையில் இருநூற்றுப் பதினான்கு எச்சங்கள்.
ஜன்னல் கண்ணாடியில்
கடற்காகம் போட்டுப்போன இன்னொன்று.

அமினோ அமிலம்
அடுத்ததோடு கோக்கப்படும்போது
நீர் கழன்று போகிறது.
போனது போக மிஞ்சுவது எச்சம்.
'வந்த' என்று சொல்லி நிறுத்தினால்
யார் என்று கேட்கத் தோன்றுமே,
அந்த எச்சமும்தான் இது.

வரிசையில் பக்கத்தில் நிற்பது
தொடர்பே ஆகாது.
சங்கிலி அப்படிக் கட்டிவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
அவற்றை நிரலின் முதல் வரியிலேயே
கழித்துவிடுகிறாள் நீவெஸ்.
அவளுக்கு வேண்டியது
முப்பத்தொன்றாம் டிரிப்டோபேனும்
நூற்று எண்பத்தெட்டாம் மெத்தியோனினும்.
சங்கிலி மடிந்து மடிந்து
எங்கோ இருந்த இரண்டையும்
எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது.
புரதத்தின் இரண்டு பாதிகளும் பிரியாமலிருப்பது
இந்த ஓர் இடத்தால்தான் என்று
கட்டுரையின் ஏழாம் பக்கத்தில்
எழுதியே விட்டோம்.

எல்லைக்கோடு நாலரை ஆங்ஸ்ட்ராம்.
அதற்குள் வந்தால் தொடர்பு,
தாண்டினால் இல்லை.
இவை நிற்பது நான்கு புள்ளி ஏழில்.

"ஐந்து என்று போடு,"
என்றார் உல்தெரிகோ,
கண்ணாடித் தம்ளரில் கப்போவை ஆற்றியபடி.
"போன வருஷம் எல்லோரும் ஐந்துதானே போட்டார்கள்?"
ஐந்து போட்டாள்:
தொடர்பு வரைபடத்தில்,
மூலைவிட்டத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி,
மச்சம்போல் ஒரு கரும்புள்ளி.
நாலரை போட்டாள்:
மச்சம் இல்லை.
ஐந்து. நாலரை. ஐந்து.
பன்னிரண்டு முறை பார்த்தேன்.
அணு ஒன்றுகூட அசையவில்லை.

மதியத்துக்குமேல் அவளுக்கு ஒரு சந்தேகம்.
படிகத்தில் இது தனியாகவா இருந்தது?
சுற்றிலும் இதன் பிரதிகளை வரவழைத்தாள்,
மேலே, கீழே, பக்கவாட்டில்,
ஒரே முகம், ஒரே மடிப்பு,
சந்தைநாள் பேருந்தில் நிற்பதுபோல்
இடைவெளியே இல்லாத கூட்டம்.
அங்கேதான் கண்டோம்.
நம் மெத்தியோனின்
தன் வீட்டு டிரிப்டோபேனுக்கு முதுகைக் காட்டி
அடுத்த வீட்டு டைரோசினின் மேல்
சாய்ந்திருந்தது.
மூன்று புள்ளி ஆறு.

"கள்ளி," என்றாள் நீவெஸ்,
ஸ்லோவேனிய மொழியில்.

நெருக்கத்தில் பிறந்த நெருக்கம்.
கூட்டம் கலைந்தால் என்ன செய்யும்?
அதை மட்டும் பிரித்தெடுத்து
கணினிக்குள் தண்ணீரில் விட்டோம்,
இருநூறு நானோநொடிகள்.
எங்களுக்கு அது ஓர் இரவும் பாதிப் பகலும்.
உல்தெரிகோ வீட்டுக்குப் போனார்.
மின்விசிறிகள் இரைந்தன, வெளியே போரா இரைந்தது,
எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

விடை மறுநாள் வந்தது.
தண்ணீரில் அது திரும்பியது.
டிரிப்டோபேனைத் தொட்டது, விலகியது,
மறுபடி வந்தது, மறுபடி போனது.
நூற்றில் அறுபத்தொரு பொழுது
தொட்டுக்கொண்டிருந்தது.

ஏழாம் பக்கத்து வாக்கியத்தை நீவெஸ் அழித்தாள்.
அட்டவணையில்
'உண்டு, இல்லை' என்ற பத்தியை எடுத்துவிட்டு
எண்களை இட்டாள்:
0.61, 0.08, 0.97.
உல்தெரிகோவுக்குப் பிடிக்கவில்லை.
"வாசிக்கிறவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்?"
அவள் பதில் சொல்லவில்லை,
அடுத்த இணையைத் திறந்தாள்.

என் முழங்கையை அந்த மனிதர் பற்றியிருந்தது
மொத்தம் எத்தனை நொடி இருக்கும்?
நான்கு. ஐந்து.
எண்ணத் தோன்றவில்லை அப்போது.

இரண்டு நாளாகக் காற்று அடித்தும்
ஜன்னல் கண்ணாடியில்
அந்த எச்சம் அப்படியே இருக்கிறது.