மழை நின்றதும்

கூரைக்காரர் எய்வின்ட் சொன்னது:
"மழை நின்றதும் வருகிறேன்."
பெர்கன் நகரத்தில்.

முன்பணம் மட்டும் மழையோடு மழையாகப்
போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலில் சூப் பாத்திரம் வைத்தேன்,
பிறகு குழந்தையின் குளியல் தொட்டி.
கடைசியில் கட்டிலையே ஜன்னலோரம் நகர்த்தினேன்.
சொட்டும் நகர்ந்தது.

தொலைபேசியை எடுப்பது அவர் மனைவி டோருன்.
இப்போதெல்லாம் என் பல்வலியைக்கூட விசாரிக்கிறாள்.
அவர் எங்கே என்றால்
"இப்பதான் கிளம்பினார்."
எந்தத் திசைக்கு என்று நானும் கேட்பதில்லை.

மே மாதம், ஒரு செவ்வாய், வெயில்.
ஊரே மலையேறிவிட்டது,
எய்வின்டும்தான்.

புதனும் வெயில். வந்தார்.
ஏணி சாய்த்து ஏறினார், ஓடுகளைத் தட்டினார்,
இறங்கி வந்து
உலர்ந்த உள்கூரையை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:
"எங்கே ஒழுகுது?"

காட்டினேன்.
தேநீர் நிறத்தில், நாய்க்குட்டி சுருண்டதுபோல் ஒரு கறை.
"இது பழசு" என்றார்.
காப்பி குடித்தார், இரண்டு கோப்பை.
"ஒழுகும்போது கூப்பிடுங்க,
பார்த்தால்தானே தெரியும்."

வேன் தெருமுனை திரும்பவில்லை,
மூக்கில் முதல் துளி.

கூப்பிட்டேன்.
டோருன் எடுத்தாள்.
"பல் இப்போ பரவாயில்லையா?"