நாற்பத்தேழாம் எண்

ஆய்வேட்டைக் கொடுக்க ஒன்பது நாள் இருந்தது.
டி.எம். மூன்றாம் ஆண்டு, சிறுநீரகத் துறை.
அறுபது பேர் வேண்டும் என்றிருந்தார் புள்ளியியல்காரர்.
ஐம்பத்தொன்பது பேர் வந்து
ஆறாம் மாத ரத்தம் கொடுத்துப் போனார்கள்.
நாற்பத்தேழு மட்டும் போனை எடுக்கவில்லை.

"தொடர்பில் இல்லைன்னு போட்ருங்கக்கா" என்றான் இம்தியாஸ்.
போடலாம்தான்.
ஆனால் மூன்றாம் மாதம் அவள் கிரியேட்டினின்
இரண்டு புள்ளி எட்டிலிருந்து
பூஜ்யம் புள்ளி ஒன்பதுக்கு இறங்கியிருந்தது.
வலி மாத்திரையை விட்டால் சிறுநீரகம் திரும்பும் என்ற
என் வழக்குக்கு
அவளைப்போல் ஒரு சாட்சி இல்லை.
மாநாட்டுப் போஸ்டரில்
உச்சியில் தனியே நின்ற புள்ளி அவள்.

அடிவாரத்தில் பஸ் ஏறினேன்,
மடியில் ஐஸ் பெட்டி, உள்ளே இரண்டு டியூப்.
பதினான்காம் கொண்டை ஊசியில்
பக்கத்து சீட்டுப் பையனுக்குக் குமட்ட,
சாம்பிள் கவரைப் பிரித்து நீட்டினேன்.

நாகலூர் தாண்டி எஸ்டேட்.
சில்வர் ஓக் நிழலில் இடுப்பில் சாக்கு கட்டி
கடைசிப் பறிப்பில் இருந்தாள் வெள்ளச்சி.
முகம் ஊதியிருந்தது.
கணுக்காலில் அழுத்தி எடுத்தேன்,
என் கட்டைவிரல்
குழியாக அங்கேயே கிடந்தது.

"மூணாம் மாசம் நல்லா இருந்துச்சேம்மா?"

"அது நானில்லீங்க.
பறிப்பு தொடங்கின நேரம், ஒருநா கூலி போயிரும்.
வரலேன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு
தங்கச்சிய அனுப்பிட்டேன்.
அவளுக்கு அன்னிக்கு வேலை இல்ல."

"மாத்திரை?"

"வலிக்குதுங்களே."

சேலத்து விடுதியில் இரவு இரண்டு மணி.
அந்த ஒரு வரியை அழித்ததும்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டுக்கு நகர்ந்தது.
புள்ளியியல் பாஷையில் அதற்குப் பெயர்
'பொருட்படுத்தத் தக்கதல்ல.'

வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மலைக்குப் போகாம இருந்திருக்கலாம்" என்றார்.
திட்டுகிறாரா, வருந்துகிறாரா,
இன்றுவரை தெரியவில்லை.
கையெழுத்துப் போட்டார்.
முடிவுரையில் 'நிரூபிக்கிறது' என்ற சொல்லை அடித்து
'இருக்கக்கூடும்' என்று எழுதினேன்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும்
நான் யோசித்து எழுதிய ஒரே சொல் அது.

வெள்ளச்சி இப்போது பெண்கள் வார்டில்,
ஜன்னலை ஒட்டிய கட்டில்.
துணைக்குத் தங்கச்சி.
காலையில் ஊசியோடு போனால்
பழக்கதோஷத்தில்
அவளும் கையை நீட்டிவிடுகிறாள்.