ஒரே கை ஓட்டிய வண்டி

மன்னார்குடி மேலராஜவீதியில் சாவியைக் கொடுத்தவர்
"ஒரே கை, டாக்டர் கை" என்றார்.
எந்த டாக்டர் என்று கேட்டிருக்கலாம்.
நாலு லட்சத்து இருபதாயிரம் எண்ணும்போது
இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தன,
பிரிப்பதிலேயே புத்தி போய்விட்டது.

குறுவை அறுப்புக்கு ஆத்தூரிலிருந்து மெஷின் இறக்குகிறவள் நான்.
டிரைவர், ஹெல்பர், டீசல் கேன், கழற்றிய செயின்,
எல்லாம் ஏற்றிக்கொண்டு களத்துமேடு வரை போக
உயரமான வண்டி வேண்டும்.
உயரம் இருந்தது.

முதல் மாசம் கிளட்ச்.
வலங்கைமான் போகும் வழியில் பாலத்து ஏற்றம்,
இன்ஜின் மேடைப் பேச்சாளர் மாதிரி கத்துகிறது,
வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.
பதினாலாயிரம். கூலி தனி.

கூத்தாநல்லூரில் இதாயத்துல்லா பாய்க்கு ஷெட்.
புகையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.
கறுப்பு என்றால் இன்ஜெக்டர்.
நீலம் என்றால் ஆயில் எரியுது.
வெள்ளை என்றால் மட்டும்
"உட்காருங்கம்மா, டீ சொல்றேன்" என்பார்.

எனக்கு டீ வந்தது.

ஹெட் கேஸ்கட், லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்தது,
ரேடியேட்டர் அடைப்பு எடுத்தது, இருபத்திரண்டு.
டர்போ புதுசு முப்பத்தெட்டு.
பழசையே பிரித்துச் சரிபண்ணினால் பதினாறு,
"ஆனா என்னைத் திட்டக்கூடாது."
பதினாறு போட்டேன்.
தை மாசம் திட்டினேன்.

மெஷின் ஓடினால் மணிக்கு நூறு ரூபாய் எனக்கு நிற்கும்.
அந்த டர்போ
நூற்று அறுபது மணி நேர அறுப்பு.
சாய்ந்த பயிர் என்றால் இன்னும் கூட.

இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடும்.
கண்ணாடி தானாக இறங்கும்,
தூறல் விழுந்தால் ஏறாது.
"ஒயரிங்ல எங்கியோ" என்றார் பாய்.
அந்த எங்கியோவைத் தேட நாலாயிரம்.
கிடைக்கவில்லை.

மெஷின் டிரைவர் சடையப்பன் நல்ல கனம்.
ஒருநாள் முன் சீட்டில் உட்கார்ந்து
பெல்ட்டை இழுத்தார், இழுத்தார்,
வயிற்றைத் தாண்டி வரவேண்டுமே,
கடைசி முழத்தில் பொருக்குப் பொருக்காக
வெள்ளைச் சட்டையில் உதிர்ந்தது.
வண்டல்.

என் பக்கத்துப் பெல்ட்டையும் இழுத்தேன்.
பத்து மாசமாக என் உடம்புக்குத் தேவையான அளவுக்கு மேல்
அதை நான் இழுத்ததே இல்லை.
உள்ளே சுருட்டி வைத்திருந்த நாடாவில்
தண்ணீர் நின்ற கோடு வரை தெரிந்தது.

நாற்றங்காலில் இது கிடந்தால்
சந்தோஷப்பட்டிருப்பேன்.

எந்த வெள்ளம், எந்த ஊர்,
எத்தனை நாள் இப்படி மூழ்கிக் கிடந்ததோ.
டாக்டர் நீச்சல் தெரிந்தவர்தானா.
பாயிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே
"அப்ப வித்துருங்க" என்றார்.
துடைத்த துணி கையைவிடக் கறுப்பு.

நன்னிலத்திலிருந்து வந்தான் இளவழுதி.
கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் செய்கிறவன்.
டயரை உதைத்தான், பானெட்டைத் திறந்தான்,
எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல்
எல்லாவற்றையும் பார்த்தான். மூடினான்.
"ஒரே கையா அக்கா?"
"ரெண்டு" என்றேன்.
அதில் பொய்யில்லை.

ஓட்டிப் பார்க்கப் போனோம். நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு வண்டி
போவதும் இல்லை, நிற்பதும் இல்லை.
சூட்டு ஊசி பாதியைத் தாண்டுவதை
நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"ஏசியை அணைச்சிருங்க தம்பி,
வெளியே நல்ல காத்து."

கேட் ஓரம் போலீஸ்காரர். அவன் அவசரமாக
பெல்ட்டை எடுத்தான்.
என் அளவு உடம்பு.
மார்புவரை வந்தது, மாட்டிக்கொண்டான்.

முழுசா இழுத்துப் பாரு என்று
வாயெடுத்தேன்.
கேட் தூக்கினார்கள். பின்னால் பஸ்காரன் ஹாரனை விடவில்லை.

கிளட்சைப் பக்குவமாக விட்டான்.
நன்றாகத்தான் ஓட்டினான்.