இருபத்தோராம் நாள்

சிங்க்குக்கு அடியில் வாளியில்
இரண்டு கிலோ அரிசி ஊறுகிறது.
ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றுகிறேன்.
முதல் வாரம் கஞ்சி வாசம்.
இரண்டாம் வாரம்,
யாரோ செத்துப்போன மாதிரி என்றாள் தவமலர்.
யாரும் சாகவில்லை,
பெடாக் செஜோக் செய்கிறேன் என்றேன்.
பசாரில் பாக்கெட் மூன்று வெள்ளி,
வாங்கித் தொலையேன் என்றாள்.

வாங்கலாம்தான்.
ஆனால் பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
நான் செய்வது என்னவென்று எனக்கே தெரியாது.
கண்ணுக்குத் தெரியாத கோடுகளை
நுண்ணோக்கியில் பார்த்து
சரி, சரி, சரியில்லை என்று அழுத்துகிறேன்.
எவருடைய போனுக்குள் போய்ச் சேருமோ.
இந்த அரிசி அப்படியில்லை,
விரலிடுக்கில் நசுக்கினால் நசுங்குகிறது.

உள்ளே முகத்துக்கு அனுமதியில்லை.
பவுடர் கூடாது, மை கூடாது, பொட்டும் கூடாது.
ஒரு துகள் உதிர்ந்தால்
ஒரு தட்டுச் சில்லு முழுக்கப் பாழ் என்று
சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது,
தமிழில் மட்டும் எழுத்துப்பிழையோடு.
வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, முகமூடி.
கண்கள் மட்டும் ஊர்வலம் போகும்.
எட்டு வருடத்தில்
மூக்கின்மேல் ஒரு கோடு,
காதுக்குப் பின்னால் வேர்க்குரு,
தாடை முழுக்கக் கொத்துக் கொத்தாய்ப் பரு.
கிளினிக்கில் கொடுத்த க்ரீம் எழுபது வெள்ளி,
சுண்டுவிரல் நீளம்.

போன மாதம்
கஸ்தூரி மஞ்சள் தீர்ந்துபோய்
சமையல் மஞ்சளைத் தயிரில் குழைத்துப் பூசினேன்.
ஏழு தரம் கழுவியும் போகவில்லை.
காற்றறை வாசலில் புவான் ரொஸ்னா
என் நெற்றியில் டார்ச் அடித்தாள்.
வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு.
துணியில் மஞ்சள்.
"கறியா?" என்றாள்,
கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.
அரை நாள் சம்பளம் போயிற்று.
கேண்டீன் வாசலில் தே தாரிக் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
வேலை நாளின் வெயிலை
அவ்வளவு பக்கத்தில் பார்த்து நாளாகியிருந்தது.

ஞாயிறு. லிஃப்ட் கெட்டுக் கிடந்தது.
பதினான்கு மாடி ஏறி யார் வரப்போகிறார்கள் என்று
மூன்று பேரும் பூசிக்கொண்டோம்.
தவமலருக்குத் தேனில் பிசைந்த கோப்பிச் சக்கை,
கீழ்க்கடையில் சும்மா கேட்டு வாங்கியது.
சியூ யென்னுக்குப் பெங்குவாங் துருவிப் பிழிந்த மாவு.
எனக்கு, யாரும் தின்ன மறந்த பப்பாளி.
மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து கிடந்தோம்.
சிரித்தால் வெடிக்கும், சிரிக்காதே என்று
சியூ யென்தான் முதலில் சிரித்தாள்.

கதவு தட்டும் சத்தம்.
வீட்டுக்காரர் மிஸ்டர் கூ.
பதினான்கு மாடி மூச்சும்
கையில் ரசீதுப் புத்தகமுமாக.
கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு
மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.
"உங்களில் யார் இரண்டு மாதம் பாக்கி?"

நான்தான்.
யாரும் வாய் திறக்கவில்லை.
தவமலரின் கன்னத்திலிருந்து
கொஞ்சம் கோப்பி தரையில் சொட்டியது.

பிறகு அவர் மூக்கைச் சுளித்தார்.
வாளியைக் காட்டினேன்.
குனிந்தார், மூடியைத் திறந்தார்,
ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.
"என் மனைவிக்கு முதுகெல்லாம் வேர்க்குரு"
என்றார் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து.
"இது எப்போது தயாராகும்?"
வெயில் அடித்தால் புதன்கிழமை என்றேன்.
படியிறங்கப் போனவர் திரும்பி
"ஆரஞ்சு, நீதானே?" என்றார்.

புதன்கிழமை மழை.
வியாழனும்.
பாண்டான் சாறு கலந்து அரைத்துச்
சொட்டுச் சொட்டாய் வாழையிலையில் விட்டதெல்லாம்
மின்விசிறிக் காற்றில் காய்கிறது.
எண்ணிப் பார்த்தேன், நானூற்றுப் பன்னிரண்டு.
வாடகைக்கு எத்தனை என்று கணக்குப் போடவில்லை.
ஒன்றை எடுத்துத் தண்ணீரில் குழைத்துத்
தாடையில் வைத்தேன்.
குளிர்ந்தது.
ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்.
ஐந்தரைக்குக் கழுவிவிட வேண்டும்.