ஒரு வரி பாக்கி

மூன்று குளிர்காலம் கடல் உறையாமல் ஏமாற்றியது.
இந்த வருஷம் ஹியூமா தீவுக்குப் பாதை திறந்துவிட்டார்கள்,
பனிக்கட்டியின் மேலே இருபத்தாறு கிலோமீட்டர்.
எனக்கு அதே வேலை, அதே தகரக் கொட்டகை,
ஓரத்தில் எலி கடித்த அதே நோட்டு.

பெரிய வேலை ஒன்றுமில்லை.
கார் எண், ஆள் கணக்கு, கிளம்பிய நேரம்.
அக்கரையிலிருந்து தார்மோ வயர்லெஸ்ஸில் "வந்தது" என்றதும்
வரிக்கு எதிரே ஒரு டிக்.
டிக் இல்லாவிட்டால்
பனியில் இன்னும் யாரோ இருக்கிறார்கள்,
ஆள் அனுப்பித் தேட வேண்டும்.

ஒவ்வொரு ஜன்னலிலும் குனிந்து சொல்வேன்:
பெல்ட் போடாதீர்கள்.
கதவு பூட்டியிருக்கக் கூடாது.
நடுவில் எங்கும் நிறுத்தாதீர்கள், பாரம் தாங்காது.

ஹெய்லியிடமும் அதைத்தான் சொன்னேன்.
சாம்பல் வோல்வோ. பின்சீட்டில் தையல் மெஷின்,
அதற்கு மட்டும் பெல்ட் மாட்டியிருந்தாள்.
பதினெட்டு வருஷத்தில் நாங்கள் வாங்கிச் சேர்த்ததில்
அவள் கேட்டது அது ஒன்றுதான்.
வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.
பின்னால் மீன் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
"ஒரு ஆள்" என்று எழுதினேன். 3.40.

நாலரைக்குத் தார்மோ கூப்பிட்டான்.
வந்தது என்றான்.
காதில் விழாத மாதிரி அடுப்பில் விறகு வைத்தேன்.
பேனா கையில்தான் இருந்தது.

ஏப்ரலில் பாதை கரைந்தது.
அப்புறம் வெறும் தண்ணீர்.
ஃபெர்ரி தினமும் போனது, நான் ஏறவில்லை.
அவள் நடுவில் காரை நிறுத்தி
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றே பட்டது.
ராத்திரிகளில் எழுந்து
பூட்ஸைத் தேடியிருக்கிறேன்.

இன்று காலை தார்மோ காற்றைப் பற்றிப் பேசினான்,
முதுகுவலியைப் பற்றிப் பேசினான்.
நான் கேட்டேன்:
அந்தச் சாம்பல் வோல்வோ, நாலு வருஷம் முன்னால்...
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"அன்றைக்கே சொன்னேனே."
"சொன்னாய். இன்னொரு தடவை சொல்லு."

"வந்தது," என்றான்.
"கரையேறியதும் ஓரமாக நிறுத்தினாள்.
அழுகிறாளோ என்று பார்த்தேன்.
பெல்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.
அப்புறம் போய்விட்டாள்."

பேனாவில் மை உறைந்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடாக்கி
டிக் போட்டேன். கோணலாக விழுந்தது,
பக்கத்து வரியிலும் இடித்தது.

வெளியே ஒரு டொயோட்டா. மூன்று பேர், ஒரு நாய்.
நாயைக் கணக்கில் எழுதுவீர்களா
என்று கேட்கிறது பின்சீட்டுக் குழந்தை.
வழக்கமில்லை.
எழுதிக்கொண்டேன்.